கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?

1955-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் இளைஞர் தன் மேலதிகாரியின் அறைக்கதவைத் தட்டினார். மூன்று ஆண்டுகளாகக் கணினிக்கு நிரல் எழுதும் வேலை, கூடவே இயற்பியல் படிப்பு. இரண்டையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. ஒன்றை விட்டாக வேண்டும். அவரை உறுத்தியதோ வேறொன்று. வன்பொருள் பக்கம் வேலை பார்த்த நண்பர்களிடம் “உன் தொழிலில் உனக்கு என்ன தெரியும்?” என்று யாராவது கேட்டால், வெற்றிடக் குழாய், மின்பெருக்கி என்று அடுக்குவார்கள். தன்னைக் கேட்டால்? கையை விரிக்க வேண்டியதுதான்.

அந்த இளைஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. மேலதிகாரி ஆத்ரியான் வான் வைங்கார்டன் பூசி மெழுகவில்லை. நிரலாக்கம் இன்னும் ஒரு துறையாக உருவாகவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் கணினி இனி எங்கும் போகப்போவதில்லை, அதை மதிக்கத்தக்க துறையாக ஆக்கப்போகிறவர்களில் நீயும் ஒருவனாக இருக்கலாமே என்றார். இரண்டு ஆண்டு கழித்து டெய்க்ஸ்ட்ராவுக்குத் திருமணம். பதிவில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘ப்ரோகிராமர்’ என்று சொன்னார். நகராட்சி ஏற்கவில்லை, அப்படி ஒரு தொழிலே கிடையாதாம். கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று பதிவானது. இந்த இரண்டு கதைகளையும் 1972-இல், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது உரையில் அவரே சொன்னார்.

அந்த வெறுங்கை உணர்வு இந்தத் தொழிலை விட்டு இன்னும் போகவில்லை. புதிதாக ஒரு குழுவில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் பறக்கின்றன. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், இவரும் ஆட்டுகிறார். மனதுக்குள் ஒரே கேள்வி: எனக்கு மட்டும்தான் புரியவில்லையா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்ற இந்த நிலையை ஆளின் குறையாகப் பார்ப்பதுதான் வழக்கம். பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தபிறகு எனக்குத் தோன்றுவது, இதில் பெரும்பங்கு வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது. அதைப் புரிந்துகொண்டால் பயம் ஓடிவிடாது. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிக்க முடியும்.

முதலில், கோட், அதாவது நிரலின் வரிகள், ஏன் இவ்வளவு அந்நியமாக இருக்கிறது என்று பார்ப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாதம் இது: ஒரு மென்பொருளின் உண்மையான வடிவம் கோடிலும் இல்லை, ஆவணங்களிலும் இல்லை, அதைக் கட்டியவர்களின் தலைக்குள் இருக்கும் புரிதலில் இருக்கிறது. எது ஏன் அப்படி இருக்கிறது, எதை மாற்றினால் எது உடையும், புதிய தேவை வந்தால் எந்த இடத்தில் அது இயல்பாகப் பொருந்தும் என்பதெல்லாம் அந்தப் புரிதலில் அடக்கம். இதற்கு அவர் காட்டும் உதாரணம் ஒரு கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். ஒரு குழு அதை உருவாக்கியது. இன்னொரு குழு அதை வேறொரு கணினிக்காக, கொஞ்சம் விரிவான மொழிக்காக நீட்டிக்க முன்வந்தது. இரண்டாம் குழுவிடம் முழுக் கோட் இருந்தது, விளக்கக் குறிப்புகள் இருந்தன, முதல் குழுவின் ஆலோசனையும் கிடைத்தது. சாதாரண ஆட்களும் அல்லர். அப்படியும் முக்கியமான இடங்களில் அவர்கள் முன்வைத்த தீர்வுகள், ஏற்கெனவே இருந்த கட்டமைப்பின் வலிமையைப் பயன்படுத்தாமல் அதன்மேல் ஒட்டுப்போடுவதாகவே இருந்தன. முதல் குழுவினர் அதை உடனே கண்டுகொண்டார்கள். அந்தக் கட்டமைப்புக்குள்ளேயே அடங்கும் எளிய தீர்வையும் காட்டினார்கள்.

தேர்ந்தவர்களுக்கே அந்தக் கதி. இரண்டு வாரத்தில் பத்து லட்சம் வரி கோடுக்குள் இறக்கிவிடப்பட்ட புதியவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பக்கை (பிழையை) பார்த்ததும் “அது அந்தப் பழைய கேஷ் விவகாரம்” என்று சொல்வதற்குக் காரணம், மூன்று வருடம் முன்பு அதே கேஷில் (வேகத்துக்காகத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் தரவில்) அவர் ஒரு முழு வாரம் மாட்டிக்கொண்டு விழித்ததுதான். அந்த வாரத்தை நீங்கள் பார்க்கவில்லை. இன்றைய ஐந்து விநாடியைத்தான் பார்க்கிறீர்கள்.

நிர்வாகக் கோணத்தில் இதே விஷயத்தை ஐபிஎம்மில் ஓஎஸ்/360 இயங்குதள உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமாகிவிட்ட திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவர் பழக நேரம் பிடிக்கும், பழக்கிவிடுகிற பழையவரின் நேரமும் போகும். சேர்ந்த புதிதில் ஒருவர் குழுவுக்குச் சுமை என்பது தொழிலின் கணக்கிலேயே எழுதப்பட்ட செலவு. அதற்காகக் கூசிக் குறுகத் தேவையில்லை.

இரண்டாவது சிக்கல், நல்ல டெவலப்பருக்கு அளவுகோல் என்ன என்பதில் இந்தத் தொழிலுக்கே தெளிவில்லாதது. தச்சர் செய்த நாற்காலி ஆடுகிறதா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். கோட் விஷயத்தில், பத்து வரி எழுதியவர் சோம்பேறியா, நூறு வரியைப் பத்தாகச் சுருக்கியவரா என்று வெளியிலிருந்து தெரியாது. இந்த வெற்றிடத்தில் கட்டுக்கதைகள் குடியேறுகின்றன. அவற்றில் புகழ்பெற்றது, பத்துப் பேர் வேலையை ஒருவரே செய்வார் என்கிற ‘பத்து மடங்கு டெவலப்பர்’. இதன் வேர்களில் ஒன்று 1968-இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கணினியோடு நேரடியாக உட்கார்ந்து வேலை செய்வது நல்லதா, வேலையைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது நல்லதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. ஒரு பகுதியில் பங்கேற்றவர்கள் 12 அனுபவசாலிகள். பிழை திருத்தும் நேரத்தில் மிகச் சிறந்தவருக்கும் மிக மோசமானவருக்கும் 28 மடங்கு வித்தியாசம் வந்தது. அந்த எண்ணை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு சூழல்களில் வேலை செய்தவர்களை ஒன்றாகப் போட்டு எடுத்த விகிதம் அது என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மிகச் சிறந்த ஒருவரையும் மிக மோசமான ஒருவரையும் எடுத்துக்கொண்டால் எந்தத் தொழிலிலும் பெரிய எண்தான் வரும். டெவலப்பர்களுக்குள் திறமை வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பத்து மடங்கு, இருபது மடங்கு என்ற பேச்சைக் கேட்டுத் தன்னைத் தானே எடைபோடும் புதியவர், தராசே கோணல் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியாத தொழில் இது. மெர்ஜ் ஆன, அதாவது குழுவின் மூலக் கோடோடு சேர்ந்துவிட்ட, கோட் தெரியும். அதற்கு முன் அழித்த நாலு முயற்சிகள் தெரியாது. மாரிஸ் வில்க்ஸ் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியைக் கட்டியவர். 1949-இல் அது ஓடத்தொடங்கிய சில வாரங்களிலேயே, எஞ்சிய வாழ்நாளில் ஒரு நல்ல பகுதி தன் நிரல்களில் தானே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று மாடிப்படித் திருப்பத்தில் உறைத்ததாக நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கணினியையே கட்டியவர் சொன்ன வார்த்தை. இன்றைய சீனியர்களும் அன்றாடம் பயன்படுத்தும் கமாண்டைத் தேடிப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். அவர்கள் திரையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் எடுக்கும் சொல் ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பது அவசியம். 1978-இல் உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் படிப்பிலும் வேலையிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு நடத்திய பணியை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் இருந்தும் ‘நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் குட்டு வெளிப்படும்’ என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரில் ‘சிண்ட்ரோம்’ கிடையாது. ‘ஃபினாமினன்’ (நிகழ்வு) என்றுதான் சொன்னார்கள். நோய்ப்பட்டம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் விவரித்த சுழற்சி டெவலப்பர்களுக்கு நன்றாகவே பழக்கப்பட்டது. ஒரு வேலை வருகிறது. பயம். அந்தப் பயத்தில் தேவைக்கு மீறி உழைப்பு, இரவு கண்விழிப்பு. வேலை முடிகிறது, பாராட்டும் வருகிறது. உடனே மனம் கணக்கை மாற்றி எழுதுகிறது: ‘கண்விழித்ததால் தப்பித்தேன், திறமை என்று ஒன்றும் இல்லை.’ அடுத்த வேலைக்குப் பயம் குறையவே குறையாது. வெற்றி எதுவும் கணக்கில் வரவாகவே ஏறவில்லையே.

ஆனால் இந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மாத அனுபவம் உள்ளவர் ‘எனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று சொல்லும்போது, பல நேரம் அவர் சொல்ல வருவது ‘எனக்கு இன்னும் தெரியாது’ என்பதை மட்டுமே. தெரியாததைத் தெரியாது என்று உணர்வது சரியான கணிப்பு. அதற்கு மருந்து படிப்பும் பழக்கமும். இன்னும் சிலருக்கு, கேள்வி கேட்டால் சிரிக்கும் சீனியர், ரிவ்யூவில் (எழுதிய கோடை மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதில்) குத்திக்காட்டும் லீட் (குழுத்தலைவர்), தன்னைப் போன்ற ஒருவர்கூட இல்லாத அறை என்று நிஜமான காரணமே வெளியில் இருக்கும். அவரிடம் போய் ‘உன் மனதைச் சரிசெய்’ என்பது, கூரை ஒழுகும்போது நனைகிறவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

அந்த வெளிக்காரணத்தை ஆராய்ந்தவர் மேலாண்மை அறிஞர் ஏமி எட்மண்ட்சன். 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாகச் செயல்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கை தலைகீழாக வந்தது. நல்ல குழுக்கள் அதிகத் தவறு செய்தன என்பதல்ல விளக்கம். செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். ‘இதைச் சொன்னால் என்னை மட்டம்தட்டமாட்டார்கள்’ என்ற அந்தக் குழுச் சூழலை 1999-இல் அவர் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயரில் விரிவாக எழுதினார். பின்னாளில் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்து, நல்ல குழுவுக்கான காரணிகளில் முதலிடத்தில் இதையே வைத்தது. புதிய இடத்தில் சேர்ந்தவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். சீனியர் எவராவது மீட்டிங்கில் “எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்கிறாரா? முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது அது காதில் விழுந்தால், நீங்கள் இருப்பது நல்ல இடம்.

சர்வர் விழுந்தபிறகு அங்கே என்ன பேசுகிறார்கள் என்பதும் அதே அளவு சொல்லும். 2017 ஜனவரி 31 இரவு, கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளச் சிக்கல் ஒன்றோடு போராடிக்கொண்டிருந்த பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதியிலிருந்து மீட்டார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பிறகு வெளியிட்ட அறிக்கை, பேக்கப் ஏன் ஓடவில்லை, அது ஓடாதது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று தோண்டியது. அழித்தவரைப் பலிகடா ஆக்கவில்லை. ஓர் ஆள் தூக்கக் கலக்கத்தில் அடிக்கும் ஒரு கமாண்டில் மொத்தமும் போகும் என்றால், பிழை அந்த ஆளிடம் மட்டும் எப்படி இருக்கும்?

நானும் ஒரு முறை, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ அமைப்பான புரொடக்‌ஷனில் எந்த வரிசைகள் (ரோ) மட்டும் மாற வேண்டும் என்று தரவுத்தளத்துக்குச் சொல்லும் ‘வேர்’ (WHERE) இல்லாமல் அப்டேட் ஓட்டியிருக்கிறேன். அன்று என் லீட் முதலில் கேட்டது “எத்தனை ரோ?” என்று. இரண்டாவதாகக் கேட்டது “சாப்பிட்டாயா?” என்று. மறுநாள் காலை, அந்த அனுமதி ஏன் என் அக்கவுன்ட்டில் இருந்தது என்ற பேச்சு நடந்தது. தன்னம்பிக்கை பற்றி நான் கேட்ட எந்த உரையும் அந்த இரண்டு கேள்விகள் அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

சரி, தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் ஊக்கம், உடலின் பதற்றமோ அமைதியோ. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. மூன்றாவது, அதாவது ‘உன்னால் முடியும்’ என்ற வகைப் பேச்சு, ஆதரவாக இருக்கும். அதையே நம்பி நாள் ஓட்ட முடியாது. மேடைப் பேச்சுகள் இரண்டாம் வாரமே ஆவியாகிப்போவது இதனால்தான்.

முதல் ஊற்று சுரக்க வேண்டுமென்றால் முடிக்கக்கூடிய வேலை வேண்டும். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதிய நூலில் லைபீரியாவின் தையல் தொழிலாளர்கள் வருகிறார்கள். அங்கே தொழில் பழக வருபவர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பித்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று கடைசிக் கட்டத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிறார். பித்தான் கோணலானால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தப்பினால் துணியே போச்சு. அதோடு, முழு உடுப்பு எப்படி இருக்கும் என்பதை முதல் நாளிலிருந்தே கையில் வைத்துப் பார்க்கிறார். ஒரு எரர் மெசேஜைத் திருத்துவது, விட்டுப்போன டெஸ்ட் ஒன்றை எழுதுவது, சின்ன பக் ஒன்றைப் பிடிப்பது எல்லாம் நம் தொழிலின் பித்தான்கள். ‘எனக்கு ஏன் இந்தச் சில்லறை வேலை?’ என்று முகம் சுளிக்கும் புதியவர்கள் உண்டு. அந்தச் சில்லறை டிக்கெட் (பட்டியலில் பதிந்த வேலை) ஒன்று கோட், டெஸ்ட், ரிவ்யூ, டெப்ளாய் (பயன்பாட்டுக்கு விடுவது) என்று முழுப் பாதையையும் ஒரு முறை நடத்திக் காட்டிவிடும். பெரிய ஃபீச்சர் ஒன்றில் மூன்று மாதம் முழுகினாலும் அது கிடைக்காமல் போகலாம்.

ஏஐ உதவியாளர்கள் வந்தபிறகு இதில் ஒரு புதுச் சிக்கல். டிக்கெட்டைக் கொடுத்தால் கோட் வந்துவிடுகிறது, டெஸ்டும் பாஸ். வேலை முடிந்தது, ஆனால் முடித்தது யார்? ஏன் ஓடுகிறது என்று தனக்குப் புரியாத கோடை மெர்ஜ் செய்தவருக்கு, அடுத்த முறை அது உடையும்போது பயம் இரட்டிப்பாகத்தான் வரும். கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ரிவ்யூவில் ஒருவர் “இந்த வரி எதற்கு?” என்று கேட்டால் சொந்த வாயால் பதில் சொல்ல முடியுமா என்பதை நான் எல்லையாக வைத்திருக்கிறேன்.

ரிவ்யூ என்றதும் பலருக்கு வயிற்றைப் பிசையும். முதல் புல் ரிக்வெஸ்டில் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கையில்) 27 கமென்ட் வந்தால் யாருக்கும் பிசையத்தான் செய்யும். ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் 1976-இல் கோடைக் குழுவாக உட்கார்ந்து பரிசோதிக்கும் முறையை எழுதியபோதே, அதில் கிடைக்கும் முடிவுகளை ஆளின் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தார். அப்படிச் செய்தால் பிழைகள் மறைக்கப்படும், முறையே செத்துப்போகும். கமென்ட்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் குறையும். 27-இல் பத்துப் பதினைந்து, பெயர் வைப்பதும் இடைவெளி விடுவதும் போன்ற குழு வழக்கங்களாக இருக்கும். எங்கும் எழுதி வைத்திராததால் யார் வந்தாலும் முதல் முறை வாங்கிக் கட்டிக்கொள்வதுதான். ஒன்றிரண்டு உண்மையான பிழைகள் இருக்கும், அவற்றுக்கு நன்றி சொல்லலாம். மிச்சம் ரிவ்யூ செய்பவரின் ரசனை. ரசனைக்கு மறுப்புச் சொல்லலாம். காரணத்தோடு ஒரு முறை மறுத்துப் பாருங்கள். நீங்களும் குழுவில் ஒருவர் என்ற உணர்வு, இருபது முறை தலையாட்டியதைவிட அதில் அதிகம் கிடைக்கும்.

கேள்வி கேட்பதும் ஒரு கைப்பழக்கம்தான். “ஓடவில்லை, கொஞ்சம் பாருங்கள்” என்பது முழுப் பாரத்தையும் அடுத்தவர் தலையில் இறக்குவது. “லோக்கலில் ஓடுகிறது, டெஸ்ட் சர்வரில் மட்டும் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. டோக்கன் சரியாகத்தான் போகிறது, பார்த்துவிட்டேன். இந்த யூசருக்கு அனுமதி எங்கே கொடுக்கிறோம்?” என்று கேட்டால் பதில் இரண்டு நிமிடத்தில் வரும், கேட்டவர் மீது மதிப்பும் வரும். இப்படி எழுதத் தொடங்கினாலே பாதிக் கேள்விகளுக்கு விடை நடுவில் கிடைத்து, அனுப்பாமலே அழித்துவிடுவோம். தானே முட்டி மோதுவதற்கு நான் வைத்திருக்கும் வரம்பு முக்கால் மணி நேரம். அதற்குமேல் கேட்காமல் இருப்பதைத் தன்மானம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தன்மானத்துக்காக இரண்டு நாள் வீணானதாக ஒரு லீட் கணக்குப் போட்டுக் காட்டியபிறகு விட்டேன்.

மீட்டிங் மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இதில் இன்னொரு சுமை. யோசனை தயாராக இருக்கும், வாக்கியம் தயாராக இருக்காது. அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவியிருக்கும். பேச்சு மெதுவாக வருவதை யோசனை மெதுவாக வருவதாக மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் நாமும் அப்படியே நம்பத் தொடங்கிவிடுவோம். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு: முக்கியமான முடிவுகளில் பல எழுத்தில் நடக்கின்றன. டிசைன் ஆவணத்தில் முந்தைய நாளே இரண்டு வரிக் கமென்ட் போட்டுவிட்டால், மறுநாள் மீட்டிங் அந்தக் கமென்டிலிருந்தே தொடங்கலாம். பேச்சுத்திறன் வளர்வது வளரட்டும். அதற்குள் உங்கள் யோசனைகள் காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்டும், எழுதியும், முடித்தும் பார்த்தபிறகும் ஒரு வருடத்தில் மூச்சு முட்டுவது குறையவில்லை என்றால் இடத்தை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஒரு குழுவில் வாயே திறக்காமல் இருந்தவர் அடுத்த குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆள் அதே ஆள்தான்.

கடைசியாக, புதியவரிடம் மட்டுமே இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நவுர் சொன்ன அந்தத் தலைக்குள் இருக்கும் புரிதல் பழையவர்களிடம் ஊறிப்போயிருப்பதால், எது எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படாது. செட்டப் ஆவணத்தில் நாலாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே ஒரு படி இல்லை என்பதை முதல் வாரத்தில் தடுக்கி விழுந்தவரால்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் போனால் அவருக்கும் அது தெரியாமல் போய்விடும். ஆகவே சேர்ந்த முதல் நாளிலேயே ஒரு குறிப்பேடு திறந்து, புரியாத சுருக்கங்கள், ஓடாத கமாண்டுகள், யாரைக் கேட்டால் தெரியும் என்று கண்டுபிடித்த விவரங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். மாத முடிவில் அதை ஒழுங்குபடுத்தி ஆவணத் திருத்தமாகப் புல் ரிக்வெஸ்ட் போடுங்கள். குழுவில் வேறு யாராலும் எழுத முடியாத மாற்றம் அது. கமென்ட்களும் அதிகம் வராது.